டிக்கியைப் பூட்டினால் படம் மறையும்: கல்லடியில் ஒரு ரிவர்ஸ் கமராப் பழுது (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வாகனம் ஜப்பானில் ஓடி இங்கு இறக்குமதியான, ஐந்து கதவுள்ள சிறிய ஒட்டோ கியர் கார். உரிமையாளர் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. காரோடு வந்த ஜப்பானிய மொழிப் பிளேயரைக் கழற்றிவிட்டு, திரையுள்ள அன்ட்ரொய்ட் பிளேயர் ஒன்றும் நம்பர் பிளேட்டுக்கு மேலே சிறிய கமரா ஒன்றும் இங்கேதான் பூட்டப்பட்டிருந்தன. பூட்டி மூன்று மாரி கடந்திருந்தது.

கமராவின் வயர்கள் கார்க் கம்பனி போட்டவை அல்ல, பின்னர் ஒருவர் இழுத்தவை. கம்பனி வயர்க்கட்டில் டிக்கிக் கதவுக்குள் ஏறும் பகுதிக்கு, வளைந்து கொடுக்கும் மெல்லிழை வயரையே போடுவார்கள். கமராப் பெட்டிக்குள் வரும் வயர் அப்படிப்பட்டதல்ல. அதன் தோல் தடித்தது, உள்ளே செம்பு சொற்பம்.

இணைப்பு முறை இப்படி இருந்தது. கியரை ரிவர்ஸில் போட்டதும் ரிவர்ஸ் லைட்டுக்கு 12 வோல்ட் போகிறது. அங்கிருந்து பிரித்த சிவப்பு வயர் கமராவுக்கு மின்சாரம் கொடுக்கிறது. கறுப்பு வயர் எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பாதை. படம், மஞ்சள் முனை கொண்ட ஏறத்தாழ 6 மீற்றர் வீடியோ கேபிள் வழியாக பிளேயருக்கு வருகிறது. அந்தக் கேபிளோடு ஒட்டியபடி ஓடும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று, ரிவர்ஸ் போடப்பட்டதை பிளேயருக்குச் சொல்கிறது. நான்கு பாதைகள். இவற்றில் எது அறுந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ‘கமரா வேலை செய்யவில்லை’ என்பது மட்டுமே.

வீடு ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் உள்ளது. வளவுக்குள் காரைத் திருப்ப இடமில்லாததால் ஒவ்வொரு காலையும் ரிவர்ஸிலேயே வீதிப் பக்கம் எடுக்க வேண்டும். ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள் அந்த நேரத்தில்தான் அதிகம்.

கண்டவை

வடகீழ்ப் பருவமழை தொடங்கி இரண்டொரு வாரத்தில் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. ரிவர்ஸ் போட்டால் திரை கமராப் பக்கத்துக்கு மாறும். சில நேரம் படம் வரும், சில நேரம் நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தி வரும். படம் வந்தாலும், எஞ்சின் ஓடும்போது கீழிருந்து மேலாக மங்கிய பட்டைகள் உருண்டன. எஞ்சினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் போட்டால் பட்டைகள் இல்லை. கமராக் கண்ணாடியின் உட்பக்கம் இலேசாகப் புகார் (ஈரப் படலம்) படிந்திருந்தது.

உரிமையாளர் தன் மருமகனிடம் சொன்ன இன்னொன்று அப்போது கணக்கில் எடுக்கப்படவில்லை: “மகன், டிக்கி திறந்து கிடந்தாப் படம் வருது, பூட்டினாப் போகுது.”

இவ்வளவு தகவலிலேயே பழுதின் இடத்தைப் பெருமளவு சுருக்கியிருக்கலாம். திரை ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் கியர் சுவிட்சும் பிளேயருக்குச் செய்தி சொல்லும் மெல்லிய வயரும் நலம். திரையே மாறாவிட்டால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும். முதலில் ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று பார்ப்பதே போதும். எஞ்சின் ஓடும்போது மட்டும் உருளும் பட்டைகள் எர்த் கோளாறின் அடையாளம். அதன் காரணம் கீழே வருகிறது.

இடைக்கால ஏற்பாடாக, பழுது தீரும்வரை திரையைப் பார்ப்பதில்லை, பின்னால் ஒருவர் நின்று கை காட்டுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. விட்டுவிட்டு வரும் கமரா, கமரா இல்லாததை விட ஆபத்தானது. படம் வரும் என்று கண் திரையிலேயே காத்திருக்கும், அதற்குள் கார் ஒரு மீற்றர் நகர்ந்துவிடும்.

முதல் முடிவு: புதுக் கமரா

கராஜ் ஒன்றில் காட்டியபோது, கண்ணாடிக்குள் ஈரம் இருப்பதைப் பார்த்து கமரா முடிந்துவிட்டது என்றார்கள். மருமகனும் மல்டிமீற்றரால் ஒரு தடவை பார்த்தார். கமராவின் பிளக்கைக் கழற்றி, சிவப்பு வயரில் ஒரு முனையையும் டிக்கிப் பூட்டு விழும் இரும்புக் கொளுவியில் மறு முனையையும் வைத்தபோது 12.3 வோல்ட். மின்சாரம் வருகிறது, ஆகவே கமராதான் பழுது என்று முடிவாகி, புதுக் கமரா வாங்கப்பட்டது.

அதைப் பூட்டியபோது நிலைமை இன்னும் குழம்பியது. கறுப்பு வெள்ளையில் உடைந்த கோடுகள் மட்டுமே வந்தன. இது முற்றிலும் வேறு சிக்கல். புதுக் கமரா, ஏஎச்டி 720பி என்ற உயர்தெளிவுச் சிக்னல் அனுப்பும் வகை. பழைய பிளேயருக்குத் தெரிந்தது சாதாரண வீடியோச் சிக்னல் மட்டும். பிளேயரின் அமைப்புகளில் கமரா வகையை மாற்றும் இடம் இருந்தால் அங்கே மாற்றலாம், இதில் அது இல்லை. சில கமராக்களின் வயரில் சிறு வளையங்கள் தொங்கும். ஒன்றை வெட்டினால் படம் இடம் வலம் மாறும், இன்னொன்றை வெட்டினால் தூரக் கோடுகள் மறையும், சிலவற்றில் ஒன்று சிக்னல் வகையை மாற்றும். எந்த நிறம் எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். கூட வரும் தாளைப் பார்க்காமல் கத்தரி வைக்கக் கூடாது. இங்கே எதையும் வெட்டாமல் விட்டதால் கடையில் கமராவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டு டிவியில் சோதனை

அடுத்து எடுத்த முடிவு நல்லது: ஊகத்தை நிறுத்தி, ஒவ்வொரு உறுப்பையும் காருக்கு வெளியே தனியாகப் பார்ப்பது.

பழைய கமரா வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. மின்சாரத்துக்கு வைஃபை ரவுட்டரின் அடப்டர். அதன் முதுகில் 12 வோல்ட், டிசி, 1 அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், 9 வோல்ட் ரவுட்டர்களும் உண்டு. நேர் முனை எது என்பதை மீற்றரால் உறுதி செய்து சிவப்போடும், மற்றதைக் கறுப்போடும் இணைத்தார்கள். பாதை மாறினால் சில கமராக்கள் அந்த நொடியே போய்விடும். கமராவின் மஞ்சள் முனை ஒரு குட்டைக் கேபிளால் டிவியின் மஞ்சள் ஏவி துளைக்குப் போனது.

படம் தெளிவாக வந்தது. அரை மணி நேரம் எரியவிட்டும், கமராவின் வாலை ஆட்டியும் மாற்றமில்லை. சூட்டில் உட்பக்கப் புகாரும் பாதி விலகியது. கண்ணாடியில் படியும் ஈரம் படத்தை மங்கச் செய்யும், ஆனால் அது மட்டும் டிக்கியைப் பூட்டும்போது படத்தை மறைக்காது. கமரா நலம்.

பிறகு பிளேயர். பழைய டிவிடி பிளேயர் ஒன்றை எக்ஸ்டென்ஷன் வயரில் காருக்குள் கொண்டுவந்து, அதன் மஞ்சள் வெளியீட்டை அன்ட்ரொய்ட் பிளேயரின் பின்னால் உள்ள கமராத் துளையில் செருகினார்கள். ரிவர்ஸ் போட்டதும் படம் ஓடியது. பிளேயரும் நலம்.

இப்படி ரிவர்ஸ் போட்டுப் பார்க்கும் வேலைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. எஞ்சினை ஓட்டக் கூடாது. ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, பிரேக்கை மிதித்துக் கியரை மாற்ற வேண்டும். இடையிடையே இக்னிஷனை நிறுத்தாவிட்டால் பற்றரி இறங்கிவிடும். ரிவர்ஸ் லைட் 21 வாட் பல்ப் என்றால் ஒன்று மட்டுமே ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுக்கும்.

எர்த்தைத் தேடியபோது

கமராவும் பிளேயரும் நலம் என்றால் மிச்சம் மூன்று: சிவப்பு, கறுப்பு, வீடியோ கேபிள். முதல் மீற்றர்ச் சோதனை ஏன் ஏமாற்றியது என்பது இங்கேதான் தெரிந்தது. அந்தச் சோதனையில் இரண்டு குறைகள் இருந்தன.

ஒன்று, மீற்றரின் மறு முனை காரின் உடம்பில் வைக்கப்பட்டது. கமரா காரின் உடம்பை எர்த்தாகப் பயன்படுத்தவில்லை, தன் கறுப்பு வயரையே பயன்படுத்துகிறது. அந்தக் கறுப்பு வயரை யாரும் அளக்கவில்லை. இரண்டு, கமராவைக் கழற்றிவிட்டு அளந்தது. மல்டிமீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். ஒரே ஓர் இழையில், களிம்பேறித் தொட்டும் தொடாமலும் நிற்கும் வயரிலும் அது முழு வோல்ட்டையே காட்டும். அடைத்த குழாயின் வாயைப் பொத்தினால் கையில் அழுத்தம் தெரிகிறது, விட்டால் தண்ணீர் சொட்டுகிறது, அதே கதைதான். சுமையோடு அளந்தால்தான் உண்மை வரும். கமராவைக் கழற்றாமல் அளக்கலாம், அல்லது அதன் இடத்தில் 5 வாட் பல்ப் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பல்ப் கமராவை விடச் சில மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் நோஞ்சான் வயரை உடனே காட்டிக்கொடுக்கும்.

இம்முறை டிக்கிக் கதவின் உள் அட்டையைக் கழற்றி, கமராவைப் பிளக்கிலேயே வைத்து, மஞ்சள் முனையை மட்டும் பிளேயரிலிருந்து உருவினார்கள். மீற்றரின் ஒரு முனை கமராவின் கறுப்பு வயரில், மறு முனை டிக்கி வாசலின் பூட்டுக் கொளுவியில். எர்த் நல்லதாக இருந்தால் இந்த அளவு 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பின் சீற்றை மடித்து ஒருவர் உள்ளே மீற்றரோடு இருக்க, மற்றவர் வெளியே நின்று கதவை அசைத்தார்.

“மாமி, மெதுவா இறக்குங்க… இன்னும்… நிப்பாட்டுங்க!”

கதவு மேலே இருந்தபோது 0.2 வோல்ட். பாதிக்குக் கீழே வந்ததும் எண் 11க்கு மேல் குதித்தது. கறுப்பு வயர் அந்த இடத்தில் அறுபடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எர்த் அறுந்ததும், கமராவின் வழியாக வரும் நேர் மின்சாரமே கறுப்பு வயரில் ஏறி நிற்கிறது. கதவை அதே நிலையில் வைத்து மஞ்சள் முனையைத் திரும்பச் செருகியபோது எண் 0.9க்கு இறங்கியது.

இந்த 0.9 முக்கியமானது. வீடியோ கேபிளின் உள்ளே நடுவில் ஓர் இழை, அதைச் சுற்றி வலைபோல் ஒரு செப்பு உறை. அந்த உறையும் பிளேயர் பக்கத்தில் எர்த்தோடுதான் சேர்கிறது. கறுப்பு வயர் அறுந்ததும் கமராவின் மின்னோட்டம் முழுவதும் இந்த உறை வழியாகத் திரும்புகிறது. படம் நிற்பதில்லை, ஆனால் படத்துக்கான பாதையிலேயே மின்சாரமும் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது, அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஒல்டர்நேற்றரின் அலைச்சல் அதில் கலந்து பட்டையாகத் திரையில் உருள்கிறது. கதவை முழுதாகப் பூட்டும்போது உறையும் விட்டுப்போனதால் படம் அடியோடு மறைந்தது. சிவப்பு வயர் 5 வாட் பல்ப்போடும் 12 வோல்ட்டுக்கு அருகில் நின்றது, அதில் குறையில்லை.

ரப்பர்க் குழாய்க்குள்

டிக்கிக் கதவின் மேல் மூலையில், கார் உடம்புக்கும் கதவுக்கும் இடையே நெளிந்த ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கும். வயர்கள் எல்லாம் அதற்குள்ளால்தான் ஏறுகின்றன. இரண்டு முனையையும் விரலால் நெம்பிக் கழற்றி, குழாயை ஒரு பக்கம் தள்ளியதும் காரணம் தெரிந்தது. கமராவை முதலில் பூட்டியவர், வயர் தொங்கக் கூடாது என்று குழாயின் வாயிலேயே கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் முழு வளைவும் அந்த ஒரே புள்ளியில் விழுந்திருக்கிறது.

கறுப்பு வயரின் தோல் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் தோல் ரப்பர்போல் நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வீடியோ கேபிளின் தோல் வெடித்து, உறையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கும் கல்லடியில், வெடித்த வயருக்குள் உவர்க் காற்று நுழைந்தால் களிம்பு சில சென்ரிமீற்றர் உள்ளே ஏறிவிடும். அறுந்த இடத்தை மட்டும் சீவி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மாரிக்குள் திரும்ப வரும்.

எந்த வழியில் திருத்துவது

நான்கு வழிகள் பேசப்பட்டன. கறுப்பு வயரை மட்டும் ஒட்டுவது: வீடியோ உறை பழுதாகவே இருக்கும். கமராவின் எர்த்தை டிக்கிக் கதவின் இரும்பிலேயே ஸ்குறூ போட்டுப் பிடிப்பது: இதைப் பலர் செய்கிறார்கள், ஆனால் கதவு காரோடு தொடுவது பெயின்றும் கிறீஸும் பூசிய பிணைச்சல்களில். அந்த எர்த் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இராது. வயரில்லாமல் படத்தை அனுப்பும் பெட்டி: அதற்கும் பின்னால் மின்சாரமும் எர்த்தும் வேண்டும், மற்ற அலைகளால் படமும் தடைப்படும். எனவே நான்காவது வழியாக, சிவப்பு, கறுப்பு, வீடியோ கேபிள் மூன்றையும் புதிதாக இழுப்பது என்று முடிவானது.

தேவைப்பட்டவை: 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிழை வயர், சிவப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு மீற்றர் (தகரப் பூச்சுள்ள செம்பு கிடைத்தால் உவர் ஊருக்கு அதுவே நல்லது), 6 மீற்றர் வீடியோ கேபிள், மென்மையான தோல் உள்ளதாகக் கையில் வளைத்துப் பார்த்து வாங்கியது, உட்பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய், 2 அம்பியர் பியூஸும் அதன் கூடும், எர்த்துக்கு ஒரு வளைய முனை, துணி டேப். எல்லாம் சேர்ந்தும் புதுக் கமராவின் விலை வரவில்லை.

வேலை தொடங்குமுன் 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் பற்றரியின் எதிர் முனை கழற்றப்பட்டது. பிளேயரை வெளியே எடுக்கும்போது எயார்பேக் வயர்கள் அருகில் இருப்பதால் உடனே தொடாமல் சில நிமிடம் விட்டார்கள். பழைய கேபிளை உருவி எறியாமல், அதன் பின் முனையில் புதியதைத் துணி டேப்பால் கட்டி, முன்பக்கம் இருந்து இழுத்ததில் பாதி வேலை மிச்சம். பக்கத் தூண்களில் எயார்பேக் உள்ள கார்களில் வயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது, பின்பக்கமாகக் கம்பனி வயர்க்கட்டோடு போக வேண்டும்.

ரப்பர்க் குழாய்க்குள் எந்த ஜொயின்ரும் வைக்கவில்லை. ஈயம் பற்றவைத்த இடம் விறைத்துவிடும், வளைவில் இருந்தால் அதன் விளிம்பிலேயே வயர் அறும். ஜொயின்ற்கள் கார் உடம்புப் பக்கம், குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சிவப்பும் கறுப்பும் ஒரே இடத்தில் சந்திக்காதபடி நாலு சென்ரிமீற்றர் இடைவெளியில் விழுந்தன. கதவை முழுதாகத் திறந்து வைத்தே வயரின் நீளம் அளக்கப்பட்டது. மூடிய நிலையில் அளப்பவர்கள்தான் இழுபடும் வயரை உருவாக்குகிறார்கள். குழாய்க்குள் வயரை நுழைக்கச் சிறிது சவர்க்காரத் தண்ணீர் போதும், எண்ணெய் ரப்பரை ஊதச் செய்யும்.

பழைய எர்த், கார் உடம்புப் பக்கத்து உள் அட்டைக்குப் பின்னால் துருப்பிடித்த தட்டை ஸ்குறூ ஒன்றில் இருந்தது. புதியது பின் லைட்டுக்கு அருகில் கார்க் கம்பனியின் எர்த் போல்ட்டுக்குக் கீழ் வளைய முனையோடு போனது. சிவப்பில், ரிவர்ஸ் லைட்டிலிருந்து பிரியும் இடத்துக்கு அருகிலேயே 2 அம்பியர் பியூஸ். அது இல்லாவிட்டால் குழாய்க்குள் எப்போதாவது சிவப்பு இரும்பைத் தொடும்போது காரின் சொந்த பியூஸ் எரியும், ரிவர்ஸ் லைட்டும் சேர்ந்து போகும்.

பின்னர் நடந்தது

எர்த் அளவு கதவின் எல்லா நிலைகளிலும் 0.1 வோல்ட்டைத் தாண்டவில்லை. கதவைப் பலமுறை திறந்து மூடியும், எஞ்சினை ஓட்டியும், ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் படம் அசையவில்லை, பட்டையும் இல்லை. குழாயின் இரு வாயிலும் கிணற்றுப் பம்பின் ஹோஸால் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் உள்ளே ஈரம் இறங்கவில்லை. அந்த மாரி முழுவதும் படம் ஒழுங்காக வந்தது.

கண்ணாடியின் வெளியே படிந்த உப்புத் தூள் நல்ல தண்ணீரும் மென்துணியும் கொண்டு எடுக்கப்பட்டது. ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்க்கும் பழக்கத்தைக் கமராவில் காட்டக் கூடாது, கண்ணாடியின் மேற்பூச்சு போய்விடும்.

கமராவைக் கழற்றிப் பூட்டியதில் அதன் சாய்வு சற்று மாறியது. திரையின் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் இந்தக் காருக்கென அளந்து போட்டவை அல்ல என்பதால், ஒழுங்கைத் தரையில் பம்பரிலிருந்து அரை மீற்றர், ஒரு மீற்றர், இரண்டு மீற்றரில் சோக்கால் கோடிட்டு, சிவப்புக் கோடு அரை மீற்றரில் விழும்வரை கமரா திருப்பப்பட்டது.

மாற்றிச் செய்யக்கூடியவை

கதவின் நிலைக்கேற்ப மாறும் எந்தப் பழுதுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ரப்பர்க் குழாய். உரிமையாளர் சொன்ன வாக்கியத்தை அன்றே பிடித்திருந்தால் கராஜுக்கும் கடைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. கமராவை டிவியில் பார்க்கும் சோதனை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, பின் அல்ல. மீற்றரைச் சிவப்புக்கும் காரின் உடம்புக்கும் வைப்பதோடு நிறுத்தாமல், கறுப்புக்கும் உடம்புக்கும், கமரா எரியும்போதே வைக்க வேண்டும்.

கமரா பூட்டும் வேலையைக் கடையில் கொடுப்பவர்கள் கேட்டுப் பார்க்கக்கூடியவை மூன்றே: எர்த் எங்கே பிடிக்கப்படுகிறது, சிவப்பில் பியூஸ் உண்டா, ரப்பர்க் குழாய்க்குள்ளால் வயர் போகிறதா. கதவின் விளிம்பு ரப்பருக்கும் இரும்புக்கும் இடையில் நசித்து விட்ட வயரையும் இந்த ஊரில் காணலாம். அது இதைவிட விரைவில் அறும், மழைத் தண்ணீரையும் டிக்கிக்குள் கூட்டிவரும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதே குழாய்க்குள் போகும் கம்பனி வயர்க்கட்டில், நம்பர் பிளேட் லைட்டுக்கான வயரின் தோலும் ஒரு இடத்தில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. இப்போதைக்குத் துணி டேப் சுற்றி விடப்பட்டுள்ளது. நல்ல வெயில் வந்ததும், அந்த அரை மீற்றர்த் துண்டும் இதே முறையில் மாற்றப்படும்.